ஊர்மணி கிராணியின் கடிகாரம்

சூரியனோடு சண்டை போட்டு, தோற்றேன் என்று ஒப்புக்கொள்ளாத மனிதர் மலாயாவில் இந்தக் கெடா மாநிலத்திலேயே ஒருவர்தான். பாடாங் மேஹா பக்கம் நாங்கள் வேலை பார்த்த ரப்பர்ப் பால்மரத் தோட்டத்தில் கணக்கெழுதிய கிராணி அவர். பிள்ளைகளே, அவருடைய உண்மைப் பெயர் எனக்கே தெரியாது. எல்லாருக்கும் அவர் ‘ஊர்மணி’.

காரணம் அவருடைய சட்டைப்பைக் கடிகாரம். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியபோது அதில் ஓடிய ஊர் நேரத்தையே இங்கேயும் ஓட்டினார். இங்கே சூரியன் வந்து ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் அங்கே வரும். இவருக்கும் அப்போதுதான் விடியும். வெள்ளைக்காரத் துரை சொல்லியும் முள்ளைத் திருப்பவில்லை. ஜப்பான்காரன் வந்து, இனி எல்லாருக்கும் டோக்கியோ மணிதான் என்று உத்தரவு போட்டான். அதற்கும் அசையவில்லை. சுங்கைப் பட்டாணியில் ஒரு கல்யாணத்துக்குப் போனார்; எச்சில் இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். “தாலி கட்ட என்னடா அவசரம்?” என்று மாப்பிள்ளையைத் திட்டிவிட்டு வந்தார். என்ன ஓர் அறிவு! ஒருநாள் ஜப்பான் சிப்பாய் மணி கேட்டான். ஊர் மணியைச் சொன்னார். விழுந்த அறை மட்டும் எந்த ஊர் மணிக்கும் சரியாகக் கேட்டிருக்கும்.

ஜப்பான்காரன் காலத்து ஒரு பொங்கலுக்கு, நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகள் முழுக்க மரவள்ளிக்கிழங்குதான். உங்கள் அம்மா மட்டும் தன் கூறைச் சேலையை யான் என்ற ஊரில் ஒரு வயல்காரரிடம் கொடுத்து, இரண்டு குவளை அரிசியை ஒளித்துக் கொண்டுவந்திருந்தாள். வேலைக்கு ஆள் கூட்டும் காலைப் பெரட்டில் எண்ண வரும் சிப்பாய் கண்டால் பறித்துக்கொள்வான். சூரியன் வந்ததும் பொங்கி, பெரட்டு மணி அடிப்பதற்குள் தின்றுவிட வேண்டும். ஆனால் ஜப்பான்காரன் அள்ளிப் போனதுபோக பொங்கல் வைக்க லயத்தில் மிஞ்சிய ஒரே பித்தளைப் பானை ஊர்மணியுடையது.

சூரியன் வந்தது. அவரோ பானையை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

“கிராணி ஐயா, பானைய குடுங்கலா. பெரட்டு மணி அடிச்சிருவான்,” என்றாள் உங்கள் அம்மா.

“இரும்மா. ஊர்ல இப்ப மணி அஞ்சு. கோழியே கூவல.”

“அதான் சூரியன் வந்திருச்சே!” என்று நான் கத்தினேன்.

“அது ஜப்பான்காரன் சூரியன்டா. அவன் கொடியிலயே போட்டிருக்கான், பாக்கல? நம்ம சூரியன் இனிமேதான் கிளம்பும்.”

படித்த முட்டாள்! பானையைப் பிடுங்கி அவர் தலையிலேயே கவிழ்க்கலாமா என்று இருந்தது எனக்கு.

அப்போது நாலு வயதான உங்கள் பெரியக்கா, அவர் எதிரே போய்க் குந்தினாள். நினைவு தெரிந்து அவள் அரிசிச் சோறு தின்றதில்லை.

“தாத்தா, ஊர்ல விடியிறதுக்குள்ள சிப்பாய் வந்துட்டா, பொங்கல் அவனுக்கா?”

ஊர்மணி அவளைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். ‘கிர்ர், கிர்ர்’ என்று சத்தம் கேட்டது.

“விடிஞ்சிருச்சு,” என்று கடிகாரத்தை நீட்டினார். ஆறரை! “என்னடா முழிக்கிற? அடுப்ப மூட்டு! சோம்பேறிப் பயலுங்க, உங்களாலதான் எல்லாம் லேட்டு.”

பானை பொங்கியது. சிப்பாய்க்குக் கேட்கக்கூடாதென்று “பொங்கலோ பொங்கல்” என்பதைக் கிசுகிசுத்தோம். பெரியக்கா மூக்கில் ஒட்டிய பருக்கையையும் விடவில்லை. பெரட்டு மணி அடித்தபோது பானை கழுவி வைத்ததுபோல் இருந்தது.

அதற்குப் பிறகும் அந்த மனிதரைத் திட்டாத நாள் கிடையாது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். முன்னுக்குத் தள்ளிய முள்ளை அவர் திரும்பப் பின்னுக்கு வைக்கவே இல்லை. சாகும்வரை அந்தக் கடிகாரத்துக்கு, நம் கெடாவில் விடியும்போதுதான் விடிந்தது.