மெஸ்ஸில் போட்ட சிலுவை அடையாளம்

அன்பும் கண்டிப்பும் சரிபாதியாகக் கலந்த என் ஞானத்தாய் பெரியம்மாவுக்கு,

சேசுவுக்குப் புகழ். நான் இங்கு நலம். அங்கு உங்கள் முழங்கால் வலியும் பெரியப்பாவின் பிடிவாதமும் குறையவேண்டும் என்று செபிக்கிறேன். முழங்கால் விஷயத்தில் எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

என்னைக் கல்லூரி விடுதியில் விட்டுவிட்டுப் போகும்போது, "நீ சாப்பிடறதுக்கு முன்னாடி சிலுவை போட வெக்கப்பட்டேன்னு கேள்விப்பட்டேன், அவ்வளவுதான்" என்று சத்தியம் வாங்கிக்கொண்டு போனீர்களே, அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றப் போய் ஒரு மனிதரின் வேலையே போகப் பார்த்தது.

முதல் வாரம் நான் போட்டதைச் சிலுவை என்று சொன்னால் வானத்துச் சம்மனசுகளே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கொசு கடித்ததுபோல நெற்றியில் ஒரு சொறி, பொத்தானைச் சரிசெய்வதுபோல நெஞ்சில் ஒரு தொடல், தோளில் கொஞ்சம் தூசி தட்டல், முடிந்தது. பிறகு மனசாட்சி உறுத்தியதால் இரண்டாம் வாரத்திலிருந்து ஒழுங்காகப் பெரிதாகவே போட்டு, கண்ணை மூடிச் செபத்தையும் சொன்னேன். முந்நூறு பேர் சாப்பிடும் இடத்தில் யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். அறைத்தோழி அன்றே எனக்கு 'மதர்' என்று பெயர் வைத்துவிட்டாள், அதுகூடப் பரவாயில்லை, பரிமாறும் ஜன்னலுக்குப் பின்னால் நின்ற தலைமைச் சமையல்காரர் கண்ணில் பட்டதுதான் வினை. தான் சமைத்ததைப் பார்த்ததும் ஒரு பெண் கண்ணை மூடிக் கடவுளைக் கூப்பிடுகிறாள் என்றால் மனிதர் என்னதான் நினைப்பார்? மறுநாள் என் தட்டில் மட்டும் காரமே இல்லை. அதற்கும் சிலுவை போட்டேன். அடுத்த நாள் வெறும் அவித்த காய். அதற்கும் போட்டேன். வெள்ளிக்கிழமை நம் ஒறுத்தல் நாள் என்பதால் இறைச்சியே வேண்டாம் என்றதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இந்த லட்சணத்தில் மூன்றாம் வாரம் சுகாதார ஆய்வாளர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார். அவர் உள்ளே நுழைந்தபோது நான் கண்ணை மூடியிருந்தேன். திறந்தபோது என் தட்டு அவர் கையில் இருந்தது.

"என்னம்மா, சாப்பாடு அவ்வளவு பயமா இருக்கா?" என்றார். வார்டன் வெலவெலத்துப்போய் ஓடிவந்து, "புகார் இருந்தா எழுதிக் குடும்மா, இன்னைக்கே ஆளை மாத்திடலாம்" என்றார். சமையல்காரர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "பதினெட்டு வருஷமா சமைக்கிறேன் சார். ஒரு பிள்ளை வயித்துவலின்னு படுத்ததில்ல. இந்தப் பொண்ணு மூணே வாரத்துல என் மானத்தை வாங்கிட்டா" என்றார்.

எழுந்து நின்றேன். "சார், இது பயம் இல்ல. நாங்க கத்தோலிக்கர். சாப்பாட்டுக்கு நன்றி சொல்றோம்."

"நன்றியா? எங்க, சொல்லு கேப்போம்."

அத்தனை பேர் முன்னாலும் சத்தமாகச் சொன்னேன்: "ஆண்டவரே, எங்களையும், நீர் தந்த இந்த உணவையும், இதைச் சமைத்த கைகளையும் ஆசீர்வதித்தருளும். ஆமென்."

சமையல்காரர் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சமைச்ச கைன்னா… என் கையா?"

"உங்க கைதான் அண்ணா."

"மூணு வேளையுமா?"

"மூணு வேளையும்."

தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஆய்வாளர் என் தட்டிலேயே ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்து, உப்பு கொஞ்சம் குறைவு என்று மட்டும் எழுதிக்கொண்டு கிளம்பினார்.

அதன்பிறகு என் பாடு ராஜபோகம். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் முதல் பூசைக்குப் போய்த் தாமதமாக வந்தால் எனக்கென்று சமையல்கார அண்ணா சூடாக எடுத்து வைத்திருக்கிறார். நான் செபித்து முடிக்கும்வரை எங்கள் மேசையில் யாரும் தட்டில் கை வைப்பதில்லை. கடவுளே இல்லை என்று வாதாடும் எதிர் அறைக்காரி, "நம்பிக்கையெல்லாம் இல்ல மதர், கணக்குப் பேப்பருக்கு மட்டும் சொல்லி வை" என்று வந்து நிற்கிறாள். வீட்டை விட்டு வந்த எனக்கு இங்கே ஒரு வீடு கிடைத்திருக்கிறது, பெரியம்மா. அந்தச் சத்தியத்தை வாங்கினீர்களே, அதற்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தீராது.

பெரியப்பாவுக்கு என் தோத்திரம். மாதா உங்கள் இருவரையும் காப்பாற்றட்டும், முக்கியமாக ஒருவரிடமிருந்து மற்றவரை.

உங்கள் ஆசீரை வேண்டும்
ஞானமகள்

பி.கு.: நீங்கள் சொல்லிக்கொடுத்த செபத்தில் 'சமைத்த கைகள்' கிடையாது என்பதை இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள். அவர் வேலை போய்விடுமோ என்ற பயத்தில் அது வாயில் வந்துவிட்டது. உண்மையைச் சொன்னால், அந்த மூன்று வாரமும் நான் அவரை ஒரு தடவைகூட நினைக்கவில்லை. யாரும் என்னைப் பார்த்துவிடக் கூடாது என்றுதான் கண்ணை மூடிக்கொண்டு வேண்டினேன். இதைச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டுமா என்று மறுதபாலில் எழுதுங்கள். இன்று காலையும் அவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "என் கையைச் சொல்லிட்டியா?" என்று கேட்டார். "சொல்லிட்டேன் அண்ணா" என்றேன். இப்போது அது பொய் இல்லை, பெரியம்மா.