வாசலில் நின்ற மாப்பிள்ளை

படித்ததை வீட்டில் செய்து பார்க்கும் ஆசை எல்லாருக்கும் வருவதுதான். அதற்கு, தன்னைப் பெண் பார்க்க வரும் நாளைத் தேர்ந்தெடுத்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

எண்பதுகளின் தொடக்கம். வில்லாபுரத்தில் வீடு. பெண்கள் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் டிப்ளமோ முடித்திருந்தேன். (எங்கள் தெருவில் அதன் பெயர் 'கரண்டுப் படிப்பு'.) அந்தப் படிப்பைக் கேட்டதுமே இரண்டு வரன்கள் நழுவிவிட்டன. அடுத்ததாக ஆரப்பாளையத்திலிருந்து வருகிறார்கள் என்றதும் அம்மா என்னிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: வாயைத் திறக்காதே.

வாய் சும்மா இருந்தது. கைதான் இருக்கவில்லை.

எங்கள் வாசல் காலிங் பெல்லை ஈரக்கையோடு தொட்டால் சுள்ளென்று ஷாக் அடிக்கும். வருகிறவர்களுக்கு அடித்துவிட்டால்? பழைய சாமான் கடையில் வாங்கி வைத்திருந்த ரிலேயை எடுத்தேன். ரிலே என்பது கரண்டே இயக்கும் ஒரு சுவிட்ச். வாசல் பொத்தானை அமுக்கினால் சின்ன பேட்டரி அதை இழுக்கும். அது வீட்டுக் கரண்டை மணிக்கு அனுப்பும். தொடுகிறவருக்கு ஆபத்தில்லை.

மணியின் ஒயரை மாட்ட அதில் இரண்டு முனைகள். ஒன்று என்.ஓ., அதாவது 'நார்மலி ஓப்பன்'. மற்றது என்.சி., 'நார்மலி குளோஸ்டு'. சும்மா இருக்கும்போது மணி அடிக்கக் கூடாது, ஆகவே மூடியிருக்க வேண்டும் என்று கடைக்கதவை நினைத்துக்கொண்டு என்.சி.யில் மாட்டினேன். கடையை மூடினால் வியாபாரம் நிற்கும். ரிலேயிலோ, மூடியிருப்பது என்றால் முனைகள் ஒன்றையொன்று தொட்டிருப்பது; அப்போதுதான் கரண்டு ஓடும். (இதைப் பரீட்சையில் படம் போட்டு எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் நான்.) அந்த நேரம் மின்வெட்டு. பொத்தானை அமுக்கினேன், ரிலே 'டிக்' என்றது. பிரமாதம் என்று புடவை கட்டப் போய்விட்டேன்.

மாப்பிள்ளை வீட்டார் படியேறும்போது கரண்டு வந்தது. மணி அலறத் தொடங்கியது, நிற்கவே இல்லை. மாப்பிள்ளை வரலாற்று வாத்தியார். பதறிப்போய்ப் பொத்தானை அமுக்கிப் பார்த்தார். சத்தம் நின்றது. கையை எடுத்தார், அலறியது. மறுபடி அமுக்கிக்கொண்டார்.

அணைக்கலாம் என்றால், மணியையும் கூடத்து ஃபேனையும் ஒரே சுவிட்சில் சேர்த்திருந்தேன். சித்திரை மாத வெக்கை. மாப்பிள்ளையின் அம்மா ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்து, "அவன் நிக்கட்டும். ஃபேனை மட்டும் நிறுத்திராதீக" என்றார். ஆக, மாப்பிள்ளை வாசலில் பொத்தானில் கட்டைவிரலை வைத்தபடி நிற்க, உள்ளே சம்பந்தம் பேசினார்கள். அப்பா பஜ்ஜித் தட்டை வாசலுக்கே கொண்டுபோனார்.

எனக்குத் தாங்கவில்லை. அம்மா பல்லைக் கடித்ததைக் கவனிக்காதவள்போல, பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்குரூ டிரைவரோடு வாசலுக்குப் போனேன்.

"ஷாக் அடிக்காதுல்ல?" இதுதான் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

"அடிக்காது. அதுக்குத்தான் ரிலே போட்டேன்."

"அப்ப மணி?"

"அதத் தப்பா மாட்டிட்டேன். ஃபேனை அமத்திட்டு வாரேன், இருங்க."

ஃபேனை அணைத்து, ஒயரை என்.ஓ.வுக்கு மாற்றினேன். கையை எடுக்கச் சொன்னேன். வெடிகுண்டிலிருந்து எடுப்பவர்போல மெல்ல எடுத்தார். உள்ளே போய்ச் சுவிட்சைப் போட்டேன். அமைதி. ஒருமுறை அமுக்கிப் பார்த்தார். மணி ஒழுங்காக அடித்தது. சிரித்துவிட்டார்.

உள்ளே, மறுபடி ஓடத் தொடங்கிய ஃபேனின் கீழ் அவருடைய அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே என் அப்பாவிடம் சொன்னார்: "எங்க வீட்டு மிக்சி ஓடாம எம்புட்டு நாளாக் கெடக்கு. எங்களுக்கு இந்தப் பிள்ளையே போதும்."

இன்றைக்கும் நான் பேச ஆரம்பித்து நிறுத்தாமல் போனால், என் கணவர் எழுந்துபோய்ச் சுவரில் கட்டைவிரலை அமுக்கிக்கொண்டு நிற்பார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கை வலிக்கும்வரை நிற்கட்டும் என்று நான் பேசிக்கொண்டே இருப்பேன்.