மைனஸுக்கும் மைனஸுக்கும் நடுவே ஒரு மாமனார்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

தங்கள் மருமகளின் தகப்பன் பணிவன்புடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் இடது முழங்காலும் ஓரளவு ஒற்றுமையாக இருக்கிறோம். அங்கே தாங்களும், தங்கள் புதுக் கண்ணாடியும், மாடியில் தாங்கள் வளர்க்கும் செடிகளும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். இரண்டு வாரத்துக்கு முன் ஞாயிற்றுக்கிழமை தாங்கள் அழைத்தபோது மாப்பிள்ளை "நல்லா இருக்கோம்மா" என்று சொல்லிவிட்டு ஃபோனை என் மகளிடம் நீட்ட, அவள் "அவரே சொல்லிட்டாரே அத்தை" என்று என்னிடம் நீட்ட, நான் என்ன பேசுவதென்று தெரியாமல் இங்கே வெயில் கொளுத்துகிறது என்றேன். பின்னால் மழை கொட்டும் சத்தம் தங்களுக்குக் கேட்டிருக்கும். எதையும் மறைக்காமல் எழுதச் சொன்னீர்கள். அதை உத்தரவாக எடுத்துக்கொண்டு உள்ளது உள்ளபடி எழுதுகிறேன். படிக்கும்போது மனம் பதற வேண்டாம் என்பதற்காக முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இப்போது எல்லாம் சரியாகிவிட்டது.

தாங்கள் அறிந்ததுதான், நான் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். என் பீரியடைக் காலமெல்லாம் பிடுங்கிக்கொண்டவர்கள் கணக்கு வாத்தியார்கள். "பாடம் முடியல சார், இன்னிக்கு ஒரு நாள் மட்டும்" என்று வந்து நிற்பார்கள். அந்த ஒரு நாள் வருஷம் முழுக்க வரும். பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு நான் மைதானத்தில் தனியாக நிற்பேன். அப்படிப்பட்டவனுக்குப் பிறந்த பெண் கணக்கு டீச்சர், வாய்த்த மாப்பிள்ளையும் கணக்கு டீச்சர். அதோடு விட்டதா? இருவருமாக வேலையை விட்டுவிட்டு, ஊரில் உள்ள மற்ற கணக்கு டீச்சர்களுக்கெல்லாம் கை கொடுப்பதற்கென்றே ஓர் அமைப்பைத் தொடங்கி உட்கார்ந்திருக்கிறார்கள். லாப நோக்கமற்றது என்று வாசல் பலகையில் எழுதியிருக்கிறது. அங்குள்ள நாற்காலிகளைப் பார்த்தாலே தெரியும், எழுதியிருக்கத் தேவையில்லை.

இந்த அமைப்புக்குத் தலைமைக் குழு என்று ஒன்று உண்டு. பெயரைக் கேட்டு மலைக்க வேண்டாம், மொத்தம் நான்கு பேர். என் மகள் இயக்குநர். தங்கள் மகன் பயிற்சித் தலைவர். குழுவின் தலைவி ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியை, எல்லோரும் பெரிய டீச்சர் என்பார்கள். நான்காவது, கணக்கு வழக்குப் பார்ப்பவர். அவருக்கு 'தோராயம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள், ஏனென்றால் அந்த வார்த்தையைக் கேட்டாலே அவருக்கு முகம் சுருங்கிவிடும். அலுவலகம் கண்ணாடி அறுக்கும் கடைக்கு மாடியில் இரண்டு அறை. யாராவது முக்கியமாக ஏதாவது சொல்ல வாயெடுக்கும் நேரமாகப் பார்த்துக் கீழே கண்ணாடி கிறீச்சிடும். ஓர் அறையில் கூட்டம் நடக்கும். இன்னோர் அறையில், டீச்சர்கள் சந்தேகம் கேட்க அழைக்கும் தொலைபேசியும் நானும் இருப்போம். என் மனைவி காலமானபிறகு நான் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன் என்று மகள் தினமும் என்னையும் கூட்டிக்கொண்டு போய்விடுகிறாள். மணி அடித்தால் எடுத்து, "ஒரு நிமிஷம், தெரிஞ்சவங்களக் கூப்பிடுறேன்" என்று சொல்வது மட்டுமே என் வேலை.

சண்டை வந்தது ஒரு கையேட்டினால். புதிதாக வேலைக்கு வரும் கணக்கு டீச்சர்களுக்காக இவர்கள் ஒரு கையேடு தயாரிக்கிறார்கள். அதில், முதலில் விதியைச் சொல்லிவிட்டுப் பிறகு காரணம் சொல்வதா, அல்லது பிள்ளைகளையே தேடவிட்டு விதியைக் கடைசியில் சொல்வதா என்று ஒரு கேள்வி. விதி முதலில் என்பது என் மகள். தேடல் முதலில் என்பது தங்கள் மகன். கேட்பதற்கு இது ஒரு சண்டையா என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் கூட்டத்தில் பேச்சு முற்றி, மாப்பிள்ளை இவளைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்ல, இவள் அவரைப் பிள்ளைகளை வைத்து வேடிக்கை பார்ப்பவர் என்று சொல்லிவிட்டாள். பெரிய டீச்சர் நியாயம் சொல்வதாக நினைத்து ரெண்டு பேர் சொல்றதும் சரிதான் என்றார். அது இருவருக்குமே பிடிக்கவில்லை. அன்றிலிருந்து வீட்டிலும் பேச்சு நின்றுபோனது.

பேச்சுதான் நின்றதே தவிர தகவல் போக்குவரத்து நிற்கவில்லை. சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு ஆளுக்கொரு கணினியில் தட்டுவார்கள். "மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு, குளியலறைக் குழாய் ஒழுகுவது தங்கள் கவனத்துக்குக் கொண்டுவரப்படுகிறது." எதிர்ப்பக்கத்திலிருந்து உடனே பதில் போகும். "தங்கள் மின்னஞ்சல் கிடைக்கப்பெற்றது. உரிய முறையில் பரிசீலிக்கப்படும்." இரண்டுக்கும் எனக்கு நகல் வந்துவிடும். இவர்கள் பரிசீலித்து முடிப்பதற்குள் வீடு மிதந்துவிடும் போலிருந்ததால் நானே ஒரு துணியைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். இதையும் சொல்ல வேண்டும், அத்தனை கோபத்திலும் மாப்பிள்ளை காலையில் என் மகளுடைய தண்ணீர் பாட்டிலை நிரப்பி அவள் பையில் வைப்பதை நிறுத்தவில்லை. வைத்துவிட்டு என்னிடம் வந்து, "மாமா, யாரோ பாட்டில் நிரப்பி வெச்சிருக்காங்களாம், டைரக்டர்கிட்ட சொல்லிடுங்க" என்பார். நான் போய்ச் சொல்வேன். அவள், யாராக இருந்தாலும் நன்றி தெரிவித்துவிடச் சொல்வாள். நானும் திரும்பி வந்து தெரிவிப்பேன்.

இந்த இடத்தில்தான் சம்பந்தி அம்மா, எனக்கு மனது கனத்தது. சின்ன வீடு. கூடத்தில் எந்நேரமும் நான். புருஷன் பெண்டாட்டி மனம்விட்டுக் கத்தி, அழுது, சமாதானமாகக்கூட இடமில்லாமல் நான் நடுவில் உட்கார்ந்திருக்கிறேனோ, அதனால்தான் இப்படி எழுத்துப்பூர்வமாகக் குடும்பம் நடத்துகிறார்களோ என்று நினைத்தேன். என் ஊருக்கே திரும்பிவிடுவது என்று முடிவு செய்து, யாருக்கும் சொல்லாமல் பெட்டியில் துணிகளை எடுத்து வைத்தேன்.

இப்படி இருக்கும்போது வெள்ளிக்கிழமை கூட்டம் நடந்துகொண்டிருந்த நேரத்தில் தொலைபேசி அடித்தது. ஒரு பெண். வேலைக்கு வந்து முதல் வருஷம், இவர்களிடம் பயிற்சி எடுத்த டீச்சர்தான். குரல் உடைந்து உடைந்து வந்தது. வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து, மைனஸை மைனஸால் பெருக்கினால் எப்படி ப்ளஸ் வரும் என்று கேட்டிருக்கிறது. இந்தப் பெண், அது அப்படித்தான் என்றிருக்கிறாள். "அப்படித்தான்னா ஏன் டீச்சர்?" என்று பிள்ளை திருப்பிக் கேட்க, வகுப்பே சிரித்திருக்கிறது. சுண்ணாம்புக்கட்டியை வைத்துவிட்டு வகுப்பிலிருந்து வெளியே வந்தவள், பள்ளிக்கூட வாசலையும் தாண்டி பஸ் நிறுத்தத்தில் நிற்கிறாள். பஸ் வந்தால் ஏறிவிடுவாளாம். இனி எந்த வகுப்புக்கும் போகமாட்டாளாம்.

எனக்கு மைனஸ் தெரியாது, ப்ளஸ்கூட ஏதோ வீட்டுச் செலவுக்கு ஆகிற அளவுதான். மைதானத்தில் விழுந்த பிள்ளையிடம் என்ன கேட்பேனோ அதுதான் வாயில் வந்தது.

"நிழல்ல நிக்கிறியாம்மா?"

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, இல்லை என்றாள். நிழலுக்குப் போய், பக்கத்துக் கடையில் தண்ணீர் வாங்கிக் குடிக்கச் சொன்னேன். எனக்குக் கணக்கு சுத்தமாகத் தெரியாது, ஆனால் தெரிந்தவர்கள் வரும்வரை நான் இந்தப் பக்கம் இருக்கிறேன் என்றும் சொன்னேன். அவள் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு கூட்ட அறைக்கு ஓடினேன். கம்பி அவ்வளவு தூரம் வராது என்பது என் நினைவில் இல்லை. சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. தலைமைக் குழு முழுவதும் என் அறைக்கு ஓடிவந்தது. தோராயம் தரையில் படுத்துக் கம்பியை மறுபடி சொருகினார். பெயரைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை, அந்தப் பெண்ணின் எண்ணும் எங்களிடம் இல்லை. எல்லோரும் அந்தக் கறுப்புப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றோம். கீழே கண்ணாடிக் கடையில்கூட அன்றைக்கென்று சத்தம் இல்லை. என் மகள் தன்னை அறியாமல் மாப்பிள்ளையின் சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் அதைப் பார்த்தார். கையை இழுத்துக்கொள்ளவில்லை.

மணி அடித்தது. ஸ்பீக்கரில் போட்டோம். மாப்பிள்ளை, அந்தப் பிள்ளை கேட்டது நல்ல கேள்வி என்று ஆரம்பித்தார். என் மகள் அவரைக் கையமர்த்தினாள். அவள் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"என் முதல் வருஷம் இதே கேள்விய ஒரு பொண்ணு கேட்டாம்மா. எனக்குத் தெரியல. ஸ்டோர் ரூமுக்குள்ள போய்க் கதவச் சாத்திக்கிட்டு அழுதேன். அதனாலதான் டீச்சருங்க கையில முதல்ல விதியக் குடுத்துடணும்னு நான் அடிச்சுக்கிறேன். வெறுங்கையோட யாரும் பிள்ளைங்க முன்னாடி நிக்கக் கூடாது."

மாப்பிள்ளை அவள் முகத்தையே பார்த்தார். "இத நீ எங்கிட்ட சொன்னதே இல்லையே" என்றார்.

"நீ என்னைக்குக் கேட்ட?"

 அவர் மெல்ல, "ஏன்னு கேட்டதுக்காக நான் ஒரு நாள் முழுக்க பெஞ்சு மேல நின்னிருக்கேன். அதுக்கப்புறம் ஸ்கூல் முடியிற வரைக்கும் எதுவும் கேக்கல. அதான், முதல்ல பிள்ளைங்க கேக்கட்டும்னு சொல்றேன்" என்றார்.

இது தங்களுக்குத் தெரியுமோ என்னவோ, வீட்டில்கூட யாரிடமும் சொன்னதில்லை என்று பிறகு என்னிடம் சொன்னார். தங்களை வருத்தப்பட வைப்பதற்காக எழுதவில்லை. பெற்றவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றியது, எழுதிவிட்டேன். என் மகளின் ஸ்டோர் ரூம் எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும். அந்த வருஷமெல்லாம் சாயந்திரம் வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டுதான் பேசினாள்.

பெரிய டீச்சர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் எல்லோரும் தொலைபேசியை மறந்தே போய்விட்டோம். அதிலிருந்து அந்தப் பெண்ணின் குரல் கேட்டது.

"மேடம், சார், நீங்க பேசி முடிங்க. பஸ் வந்துச்சு. நான் ஏறல."

திங்கட்கிழமை பெரிய டீச்சரின் பழைய காரில் எல்லோரும் அவள் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். நான் எதற்கு என்று கேட்டேன், அந்தப் பெண் என்னையும் வரச் சொன்னாளாம். தலைமைக் குழு கடைசி வரிசையில் பிள்ளைகளின் பெஞ்சில் தன்னைத்தானே திணித்துக்கொண்டது. பெரிய டீச்சர் உட்கார்ந்துவிட்டார், எழுந்திருப்பதைப் பிறகு யோசிக்கலாம் என்று விட்டுவிட்டோம். அந்தப் பெண் பிள்ளைகளிடம், அன்றைக்குத் தனக்குக் காரணம் தெரியவில்லை, இன்றைக்கு எல்லோரும் சேர்ந்து பார்க்கலாம் என்றாள். யாரும் சிரிக்கவில்லை. மைனஸ் இரண்டை மூன்றால் பெருக்கினால் மைனஸ் ஆறு, இரண்டால் என்றால் மைனஸ் நான்கு, ஒன்றால் மைனஸ் இரண்டு, பூஜ்யத்தால் பூஜ்யம் என்று ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதினாள். அடுத்த வரியில் மைனஸ் ஒன்றால் என்று மட்டும் எழுதிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றாள். பிள்ளைகள் ஆளுக்கொன்று சொன்னார்கள். தோராயம் உணர்ச்சிவசப்பட்டு மைனஸ் இரண்டு என்று சொல்லிவிட, முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி திரும்பி, "ஏறிக்கிட்டே வருதுல்ல அங்கிள், எப்படித் திடீர்னு இறங்கும்?" என்று கேட்டாள். அவர் இன்னும் அதிலிருந்து மீளவில்லை.

அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. அடுத்தது விளையாட்டு பீரியட். வாசலில் விசிலோடு ஒருவர் வந்து நின்றார். பிள்ளைகள் விடையின் வாசற்படியில் நிற்கிறார்கள், தலைமைக் குழு ஒரே சமயத்தில் என்னைத் திரும்பிப் பார்க்கிறது. நான் எழுந்து போய், சம்பந்தி அம்மா, இந்த வாயால், "இன்னிக்கு ஒரு நாள் மட்டும் சார்" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்குத் தெரிந்த பார்வைதான், வருஷக்கணக்காக நானே பார்த்தது. அவரோடு மைதானத்து ஓரத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து 'ஓ' என்று பெரிய சத்தம் வந்தது. விடை ப்ளஸ் இரண்டாம். பிறகு மாப்பிள்ளை எனக்கும் விளக்கினார். புரிந்தது. வீட்டுக்கு வருவதற்குள் போய்விட்டது.

திரும்பி வரும்போது காரின் பின் சீட்டில் வழக்கம்போல அவர்களுக்கு நடுவில் நான். கையேட்டைப் பற்றி மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள், வாயால், நேருக்கு நேர், பெரிய டீச்சர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக. பாதி வழியில் என் மகள், "அப்பா, கொஞ்சம் ஜன்னல் பக்கம் நகருங்க" என்றாள். நகர்ந்தேன். அதன் பிறகு எனக்கு மின்னஞ்சல் நகல் எதுவும் வரவில்லை. விதி முதலிலா தேடல் முதலிலா என்பது இன்னும் முடிவாகவில்லை. ஆனால் இரண்டுக்கும் முன்னால் ஒரு பக்கம் போடுவதென்று தலைமைக் குழு ஒருமனதாகத் தீர்மானித்திருக்கிறது. "உங்களுக்கும் தெரியாமல் இருக்கலாம். பரவாயில்லை, கூப்பிடுங்கள்" என்று எழுதி, கீழே அலுவலகத் தொலைபேசி எண் இருக்கும்.

ஆகையால் தாங்கள் கவலையின்றி இருக்கலாம். என் கடமையும் முடிந்தது. வருகிற வியாழக்கிழமை நான் என் ஊருக்குப் புறப்படுகிறேன், இனி யாரும் என்னை மறிக்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். தங்களோடு உள்ள சம்பந்தத்தைத் தவிர, கணக்குலகத்தோடு எனக்கு இனி எந்தச் சம்பந்தமும் இல்லை. தங்கள் செடிகள் தழைக்கட்டும், தங்கள் உடல்நலம் அதைவிடத் தழைக்கட்டும். பிள்ளைகள் இருவரும் தங்களை விழுந்து வணங்குவதாக நானே எழுதிக்கொள்கிறேன், அவர்கள் உள்ளே சத்தமாக விவாதித்துக்கொண்டிருப்பதால் கேட்க முடியவில்லை.

என்றும் தங்கள் நலம் விரும்பும்,
சம்பந்தி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது அலுவலகத்தில் தொலைபேசி அடித்தது. நான் புறப்படுகிறவன் என்பதால் மகளே எடுத்தாள். யாரோ ஓர் ஆண், வேறு ஏதோ பள்ளிக்கூடம், நடுத்தர வயதுக் குரல். இயக்குநர்தான் பேசுகிறேன், சந்தேகத்தைச் சொல்லுங்கள் என்றாளாம். அவர் தயங்கித் தயங்கி, "உங்கள இல்லைங்க மேடம். அங்க கணக்குத் தெரியாத சார் ஒருத்தர் இருக்காராமே, அவரக் கொஞ்சம் கூப்பிட முடியுமா?" என்று கேட்டாராம். போய்ப் பேசினேன். வெகுநேரம் பேசினோம். அதனால், வியாழக்கிழமை பற்றி மேலே எழுதியதைத் தாங்கள் படிக்காதது போலப் பாவிக்கவும். பெட்டியை மாப்பிள்ளை பரண்மேல் ஏற்றிவிட்டார். என் சட்டைகளை மகள் அலமாரியில் அடுக்கிக்கொண்டிருக்கிறாள். அடுக்கும் முறை தவறு என்று தங்கள் மகன் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.