குப்பண்ணன் தன் நெல்லுக்குத் தானே பணம் கட்டிய வரலாறு

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே வயல் வைத்திருக்கும் குப்பண்ணன், மாசியில் அறுத்த நெல்லை வழக்கம்போல் சர்க்காருக்கு விற்றார். சர்க்கார் நெல்லை எடுத்துக்கொண்டு ரசீது கொடுத்தது. ரசீதை வங்கியில் நீட்டியதும் பணம் வந்தது. இதைவிட ஒழுங்கான ஏற்பாடு உலகத்தில் உண்டா என்று மகிழ்ந்து, காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார்.

ஆவணியில் மகள் கிருத்திகாவுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்தது. திங்கட்கிழமைக்குள் பணம் கட்டாவிட்டால் இடம் போய்விடும். படிப்புக் கடன் கேட்டு அதே வங்கிக்குப் போனார்.

மேலாளர் ஜிஷா கணினியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "முடியாது அண்ணா. உங்க பேர்ல ஒரு கடன் தவணை தவறி நிக்குது."

"ஏனுங்க, நானெப்பங்க கடன் வாங்குனேன்?"

"நெல்லு ரசீதுக்கு வாங்கினீங்களே."

"அது நெல்லு வித்த காசுங்க அம்மிணி!"

"சர்க்கார் எங்களுக்குத் தந்தா வித்த காசு. தராத வரைக்கும் கடன். சர்க்கார் தரலைன்னா உங்ககிட்ட வசூலிக்கலாம்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அப்ப நாங்க ரசீதை விலைக்கு வாங்கினதா கணக்கெழுத முடியாது."

குப்பண்ணன் கொள்முதல் அலுவலகத்துக்கு ஓடினார். அங்கே மலையாளம் கலந்து பேசும் அதிகாரி ஜிபி.

"பணம் உங்க கைக்கு வந்தல்லோ? எங்க கணக்கில விவசாயிக்குப் பாக்கி பூஜ்யம்" என்றார் அவர்.

"அப்ப பேங்குக்காச்சும் கட்டிப்போடுங்க சார்."

"கடன் உங்க பேர்ல. வேற ஒருத்தர் கடனை சர்க்கார் எப்படி அடைக்கும்?"

இரண்டு அலுவலகமும் சட்டப்படி சரி. தப்புச் செய்த ஒரே ஆள் நெல் விளைவித்தவர். இதை எழுதும்போதே எனக்கு வயிறு எரிகிறது. ஆனால் வயிற்றெரிச்சலுக்குத் தனி இலாகா கிடையாது.

கடைசியில் ஜிஷாவே வழி சொன்னார்: நகையை அடகு வைத்து நெல்கடனை அடைத்தால், படிப்புக் கடன் அன்றைக்கே கிடைக்கும்.

மனைவி மருதாத்தாள் சங்கிலியைக் கழற்றிக்கொண்டே கேட்டாள். "நம்ம நெல்லுக்கு நாமளே காசு கட்டறமாக்கும்? அப்ப நெல்லையாச்சும் திருப்பிக் குடுக்கச் சொல்லுங்க."

"அது ரேசன் அரிசியாயிப் போச்சு புள்ள."

"போன வாரம் வரிசையில நின்னு வாங்கியாந்தது அதுதானா?"

கிருத்திகா கல்லூரிக்குப் போனாள். குப்பண்ணன் மறுபடி ஜிபியிடம் போனார். "இப்பக் கடன் இல்லீங்க. பணத்தக் குடுங்க."

"கடனே இல்லைன்னா நாங்க எதை அடைக்கிறது? ஃபைல் மூடியாச்சு."

யாருமே கடனடைக்காத காலத்தில் ஒருவர் அடைத்துவிட்டாரே! புரட்டாசியில் இரண்டு அலுவலகமும் சேர்ந்து விழா எடுத்தன. 'சர்க்காரின் பாக்கியைத் தன் பாக்கியாகக் கருதிய உத்தமர்' என்று ஜிபி பொன்னாடை போர்த்தினார். அதே மாதிரி ரசீதை மடியில் வைத்திருந்த விவசாயிகள் பலமாகக் கைதட்டினார்கள்.

அந்த நேரம் பார்த்து ஜிபியின் போனுக்கு ஓர் உத்தரவு வந்தது. அலுவலர்களின் சம்பளப் பாக்கி இனி நெல்லுப் பணம் போலவே வங்கி மூலம், அவரவர் பெயரிலேயே வழங்கப்படும். அவர் மேடையிலேயே ஜிஷா பக்கம் குனிந்தார்.

"மேடம், என்றெ வீட்டுக் கடன் அப்ளிகேஷன்?"

ஜிஷா உதட்டைப் பிதுக்கினார்.

குப்பண்ணன் பொன்னாடையை எடுத்து ஜிபிக்குப் போர்த்தினார். "வெச்சுக்குங்க சார், அடுத்த விழா உங்களுக்குத்தானுங்க."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்தவர்கள் எல்லாரும் அங்கிருந்து நேராகப் புது நெல்லுக்கு ரசீது வாங்கப் போனார்கள். வெளி மில்லில் விலை குறைவு, வேறென்ன செய்வது? வரிசையில் முதல் ஆள் குப்பண்ணன்.