அப்பா உயிரோடு இருப்பது பற்றிச் சித்தப்பாவுக்கு

ஜெயபுரம்,
வெள்ளிக்கிழமை.

அன்பின் சித்தப்பாவிற்கு,

உங்கள் அண்ணன் அப்புத்துரையின் மகள் பிரியந்தினி எழுதுகிறேன். நாங்கள் அனைவரும் நலம். அங்கே நீங்களும் சுரேகா சித்தியும் நலமாக இருக்க வேண்டும். எல்லாக் கடிதங்களிலும் வருகிற இந்த வரியை இம்முறை தயவுசெய்து நின்று வாசியுங்கள். "அனைவரும்" என்பதில் அப்பாவும் அடக்கம். இதை எழுதும் நேரம் அவர் விறாந்தையில் கதிரை போட்டு இருந்து தேத்தண்ணி குடிக்கிறார், சீனி காணாது என்று அம்மாவோடு கொழுவலும் நடக்கிறது. ஆகவே நேற்று எங்கள் ஊர் இணையத்தளத்தில் நீங்கள் பார்த்த மரண அறிவித்தல் பிழையானது. அந்தப் பிழையின் பெரும்பங்கு என்னுடையது. நேற்று மத்தியானத்திலிருந்து உங்களுக்கு இருபத்திரண்டு தரம் அழைப்பு எடுத்தேன். ஒன்பது வருடமாக எங்கள் இலக்கத்தைத் தடுத்து வைத்திருப்பவருக்கு அது எப்படிக் கேட்கும்? அதனால்தான் இந்த மின்னஞ்சல்.

நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். சனசமூக நிலையத்தின் இணையத்தளத்தை நான்தான் பார்க்கிறேன். ஊரில் கலியாணம், சாமத்தியவீடு, திருவிழா, மாடு காணாமற்போனது என்று எது நடந்தாலும் பின்னேரங்களில் எங்கள் வாசற் படலையில் ஒருவர் வந்து நிற்பார். "பிள்ளை, நீ நல்ல தமிழ் எழுதுவாய், ஒரு அறிவித்தல் எழுதித் தாவன்" என்பார். எழுதுவது பத்து நிமிட வேலை. ஆனால் வந்தவர் கதிரையில் இருந்து, சம்பந்தம் எப்படிப் பொருந்தியது, மாப்பிள்ளை வீட்டார் என்ன சொன்னார்கள், யார் முகத்தைத் திருப்பினார்கள் என்பதெல்லாம் சொல்லி முடிக்க இருட்டிவிடும். நான் வாசித்துக்கொண்டிருந்த பக்கத்தில் விரலை வைத்தபடி தலையாட்டிக்கொண்டிருப்பேன். உண்மையைச் சொல்கிறேன், அந்தக் கதைகளிலிருந்து தப்புவதற்காகத்தான் நான் அந்தப் பிளகினைப் போட்டேன். பிளகின் என்பது இணையத்தளத்தோடு கூடுதலாகப் பொருத்துகிற ஒரு சிறு மென்பொருள். இதைப் போட்டால் தளத்தின் முகப்பிலேயே மாதிரிப் படிவங்கள் நிற்கும். வேண்டியதைத் திறந்து பெட்டிகளை நிரப்பி அழுத்தினால், இடையில் வரவேண்டிய வசனங்களை அது தானே போட்டு, முழுப் பதிவாக வெளியிட்டுவிடும். என்னிடம் யாரும் வரத் தேவையில்லை.

முதற்கிழமையிலேயே சிவகரன் அண்ணை தன்னுடைய மாடு காணவில்லை என்று போடப் போய், பட்டியலில் முதலாவதாக நின்ற திருமணப் படிவத்தைத் திறந்து, ஒரு பெட்டியில் தன் பெயரையும் அடுத்த பெட்டியில் "சிவப்பு நாகு, நெற்றியில் வெள்ளை" என்றும் எழுதி அழுத்திவிட்டார். பெரியோர்கள் நிச்சயித்தவாறு இருவருக்கும் திருமணம் என்று தளம் அறிவித்தது. ஊர் முழுக்க அனுப்பி அனுப்பிச் சிரித்ததில் மாடு அன்றே பிடிபட்டது, அவருடைய மனைவி மட்டும் இரண்டு நாள் சமைக்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு பதிவும் என் அனுமதியோடு வெளியாகும்படி மாற்றினேன். அப்போது, "என்ரை மகளின்ரை கலியாணத்திலை நீ என்னத்துக்குக் கை வைக்கிறாய்?" என்று வேறு இடத்திலிருந்து பேச்சு வந்தது. நான் திருத்தியது ஓர் ஒற்றெழுத்துத்தான். பேச்சுக் கேட்பதைவிட வாசிப்பது சுகம் என்று, அனுமதி வேண்டாம், உடனே வெளியாகட்டும் என்று திரும்பவும் மாற்றிவிட்டேன். அது என் முதலாவது பிழை.

இரண்டாவது பிழையை நல்ல மனதோடு செய்தேன். மரண அறிவித்தலுக்குரிய படிவத்துக்கு அந்தப் பெயரை வைக்க எனக்கு மனம் வரவில்லை. காலையில் தகப்பனைப் பறிகொடுத்த ஒரு பிள்ளை, பட்டியலில் அந்தச் சொல்லைத் தேடி அழுத்தவேண்டுமா என்று யோசித்து, "குடும்ப அறிவித்தல்" என்று பெயரிட்டேன். பெட்டிகளிலும் தகனம், கிரியை என்று எதுவும் போடவில்லை. திகதி, இடம், நேரம் என்று மட்டும் வைத்தேன். மற்றதை உள்ளே இருக்கிற வசனங்கள் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தேன். அவை பார்த்துக்கொண்டன.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு எழுபது வயது. அம்மா அதைத் தானே தளத்தில் போட்டு எங்களுக்குக் காட்டவேண்டும் என்று இரகசியமாக இருந்திருக்கிறார். பிறந்தநாள் படிவத்தில் பெயர், வயது, படம் என்று மூன்று பெட்டிகள்தான். "இதென்ன அடையாள அட்டையே? எழுவது வயசு மனுசனுக்கு ஒரு பெயரும் ஒரு படமும் காணுமோ?" என்று அதை மூடிவிட்டு மற்றவற்றைத் திறந்து பார்த்தாராம். குடும்ப அறிவித்தலில் பதினான்கு பெட்டிகள். பிறப்பிடம், வதிவிடம், பெற்றோர், மனைவி, பிள்ளைகள், சகோதரர், சகோதரரின் துணை, மருமக்கள் என்று ஒருவரும் விடுபடாமல் இருந்தன. அம்மாவுக்கு அது நல்லாய்ப் பிடித்துவிட்டது. வதிவிடம் என்ற பெட்டியில் நாங்கள் இடம்பெயர்ந்து இருந்த ஊர்கள் எல்லாவற்றையும் வரிசையாக எழுதத் தொடங்கினார். ஐந்தாவது ஊரோடு பெட்டி நிறைந்துவிட்டது. அந்த ஒரு குறையைத் தவிர வேறொன்றும் இல்லை என்று திருப்தியோடு அழுத்தினார். குறிப்பு என்ற இடத்தில், மத்தியானம் ஆட்டிறைச்சிக் கறி உண்டு, எல்லோரும் சந்தோசமாக வரவும் என்றும் எழுதியிருந்தார்.

மிச்சத்தை நீங்கள் பார்த்தீர்கள். அப்பாவின் படத்தைச் சுற்றிக் கறுப்புக் கரையும் குத்துவிளக்கும் தானாக வந்தன. அவர் வருகிற ஞாயிறன்று இறைவனடி சேர்ந்தார் என்று வந்தது. சந்தோசமாக வரச் சொன்ன வரிக்குக் கீழே, இவ்வறிவித்தலை உற்றார் உறவினர் ஏற்றுக்கொள்ளவும் என்றும் வந்தது.

அந்த நேரம் நான் பூநகரிக்குப் போயிருந்தேன், அப்பா வயலில் நின்றார். அவர் பதினொரு மணிபோலச் சைக்கிளில் வந்தபோது வளவுக்குள் பந்தல் தடிகள் இறங்கியிருந்தன. அவர் படலையில் சைக்கிளைச் சாத்திவிட்டுச் சிவகரன் அண்ணையிடம், "ஆர் மோசம் போனது?" என்று கேட்டிருக்கிறார். சிவகரன் அண்ணை கையில் தடியோடு திரும்பிப் பார்த்துவிட்டு, "நீங்கள்தான் அண்ணை" என்றாராம்.

"எப்ப?"

"வாற ஞாயிற்றுக்கிழமை எண்டு கிடக்கு. நாங்கள் எழுத்துப் பிழையாக்கும் எண்டு நினைச்சம்."

"அப்ப இன்னும் மூண்டு நாள் கிடக்கு. தடியை வையும், தேத்தண்ணி குடிப்பம்."

பந்தல் பிறந்தநாளுக்கு என்று நினைத்துக்கொண்டிருந்த அம்மா இதைக் கேட்டுக் குசினியிலிருந்து ஓடி வந்து தலையில் அடித்து அழத் தொடங்க, அதைப் பார்த்துச் செய்தி உண்மைதான் என்று வெளியில் நின்றவர்களும் அழுதார்கள். சுப்பம்மா அக்கா ஒழுங்கையிலிருந்தே ஒப்பாரி சொல்லிக்கொண்டு வந்து, தலை நிமிர்ந்து பார்த்தால், செத்தவர் கதிரையில் இருக்கிறார். அவா சட்டென்று வாயைப் பொத்த, அப்பா, "ஏன் பிள்ளை நிப்பாட்டினனி? நல்லாத்தானே போனது. வாய்க்கால் வெட்டின இடத்திலையிருந்து சொல்லு" என்றாராம். அவா வெட்கப்பட்டு, "போங்கய்யா, உங்களுக்கு எப்பவும் பகிடிதான். நெசமா போறப்போ நா வரமாட்டேன் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டா.

சித்தப்பா, இதுவரைக்கும் எழுதியதை வாசித்து நீங்கள் சிரித்திருந்தால் எனக்கு நிம்மதி. ஆனால் நான் வீட்டுக்கு வந்து அறிவித்தலை அழிப்பதற்காகத் தளத்தைத் திறந்தபோது, கீழே அனுதாபச் செய்திகளுக்குரிய இடத்தில் நீங்கள் எழுதியது இருந்தது. "அண்ணை, நான் உங்களோடை கதைச்சிருக்க வேணும். சுரேகாவின்ரை பேர் இதிலை இருக்கு, பாத்தனான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வாறன். ரிக்கெற் போட்டிட்டன்." அதை ஒரு தாளில் பார்த்து எழுதிவிட்டுத்தான் அழித்தேன்.

அப்பம்மாவின் மரண அறிவித்தல் பத்திரிகையில் வந்தபோது மருமக்கள் வரிசையில் சுரேகா சித்தியின் பெயர் மட்டும் இல்லாமற்போனது எனக்குத் தெரியும். சனிக்கிழமை தவறாமல் அப்பம்மாவோடு கதைத்தவா சித்திதான் என்பதும் தெரியும். பத்திரிகைக்காரர் விட்டுவிட்டார் என்று அப்பா சொல்ல, அதை நீங்கள் நம்பாமல் தொலைபேசியை வைத்ததோடு எல்லாம் நின்றது. அந்தச் சண்டையை நினைத்துத்தான் நான் அந்தப் படிவத்தில் சகோதரரின் துணைக்கும் ஒரு பெட்டி வைத்தேன். அதை நிரப்பாமல் அழுத்தினால் சிவப்பு எழுத்தில் வந்து மறிக்கும். ஒருவருடைய பெயரும் இனி விடுபடக்கூடாது என்று அவ்வளவு யோசித்த நான், அதை ஆள் செத்தபிறகு திறக்கிற படிவத்தில் மட்டும் செய்து வைத்தேன். உயிரோடு இருப்பவருக்கு மூன்று பெட்டிகள் போதும் என்று விட்டுவிட்டேன். அம்மா பிழையான படிவத்தை எடுக்கவில்லை என்றுதான் நேற்றிலிருந்து எனக்குத் தோன்றுகிறது.

நீங்கள் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "திரும்ப வாசி" என்றார். வாசித்தேன். மூன்றாம் தரமும் வாசிக்கச் சொன்னார். பிறகு முற்றத்தைப் பார்த்துக்கொண்டு, "பேப்பர்க்காரன் விடேல்லை. ஃபோனிலை பேருகளைச் சொல்லேக்கை நான்தான் அவாவைச் சொல்ல மறந்துபோனன். பிறகு சொல்ல வெக்கமாப் போச்சு" என்றார். அம்மா அழுகையை நிறுத்திவிட்டு, "ஐயோ, ஒம்பது வருசமா அந்தப் பேப்பர்க்காரனை நான் எவ்வளவு திட்டியிருப்பன்!" என்றார். "நீ திட்டினது எனக்குத்தான் பட்டது" என்று சொல்லிவிட்டு அப்பா எழுந்து போய்விட்டார். இதை உங்களுக்கு எழுதவா என்று நான் பின்னால் போய்க் கேட்டபோது, வேலிக்கரையில் நின்று ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனவே நானே எழுதுகிறேன். இல்லாத சாவுக்காக உங்களை ஒரு முழுநாள் அழவைத்தது என் பாவம், மன்னித்துக்கொள்ளுங்கள். நீங்கள் வருவது அந்தியேட்டிக்கு. அந்தியேட்டி இல்லை என்றான பிறகு, வரவேண்டும் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. பயணத்தை நிறுத்துவதானால் நிறுத்திவிடுங்கள், நாங்கள் ஒன்றும் நினைக்கமாட்டோம். இங்கே ஒருவர் வேலிக்கரையில் நின்று ஒழுங்கையைப் பார்ப்பார், அவ்வளவுதான். பிளகினையும் தளத்திலிருந்து முற்றாக நீக்கிவிட்டேன். இனிமேல் அறிவித்தல் வேண்டியவர்கள் பழையபடி படலைக்கு வரட்டும், புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கேட்கிறேன்.

சித்திக்கு என் அன்பையும், அம்மாவின் விசாரிப்பையும், அப்பா வாய்திறந்து சொல்லாத எல்லாவற்றையும் சொல்லுங்கள். குளிர் தொடங்கியிருக்கும், உடம்பைப் பாருங்கோ.

இப்படிக்கு,
உங்கள் பெறாமகள்
பிரியந்தினி

பி.கு: பயணத்தை நிறுத்தலாம் என்று மேலே எழுதியதையும் பிளகினை நீக்கிவிட்டேன் என்று எழுதியதையும் வெட்டிவிடவும். அனுப்பமுதல் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "செத்த அண்ணனுக்கு வாறவனை உயிரோடை இருக்கிறன் எண்டு சொல்லி மறிக்கிறியோ?" என்று கோபித்துக்கொண்டு, பிளகினைத் திரும்பவும் போடவைத்து, கண்ணாடியை மாட்டி, ஒரு விரலால் முக்கால் மணித்தியாலம் தட்டி, தானே ஒரு குடும்ப அறிவித்தலை வெளியிட்டுவிட்டார். அவருடைய அந்தியேட்டி குறித்த நாளில் கட்டாயம் நடக்குமாம். மத்தியானச் சாப்பாடு உண்டாம். அழைப்பவர் என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டிருக்கிறார். வருபவர்கள் என்ற இடத்தில் சுரேகா, தவராசா என்று இரண்டு பெயர்கள்தான். நீங்கள் இரண்டு பேரும் வராவிட்டால் தானும் அதற்கு வரப்போவதில்லையாம்.