பச்சைத் தோலுக்குப் பழுப்புச் சட்டை

இனிமேல் பழைய புத்தகம் வாங்குவதில்லை என்று பூட்டுக்காரர் பதினான்காவது முறையாக முடிவெடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு. அந்த முடிவு பத்தரை மணிவரை உயிரோடு இருந்தது. குறைந்த ஆயுள் என்று சொல்லிவிட முடியாது. பதின்மூன்றாவது முடிவு அவர் பல் தேய்த்து முடிப்பதற்குள்ளேயே போய்ச் சேர்ந்துவிட்டது.

ஊரில் அவர் திறக்காத பூட்டு கிடையாது. வீட்டில் அவர் திறந்த புத்தகம் கிடையாது. சாவி தொலைந்த பீரோவை அவர் முறைத்துப் பார்த்தாலே கதவு லேசாக விலகும் என்பார்கள். அப்படிப்பட்ட மனிதர், அலமாரியில் எட்டடி நீளத்துக்குப் புத்தகம் வைத்துக்கொண்டு ஒன்றையாவது விரித்துப் பார்த்திருக்கிறாரா என்றால் இல்லை. அவருக்கு வேண்டியது அட்டை. தோல் பைண்டிங். முதுகில் வரிசையாகப் புடைத்த மேடுகள், ஓரத்தில் தங்க முலாம், மூலையில் கொடி வேலைப்பாடு. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாராவது கேட்டால், "புஸ்தகத்தை விரிச்சா முதுகு உடைஞ்சிடும்" என்பார். தன் முதுகைச் சொல்வதுபோல் அவ்வளவு வலியோடு சொல்வார்.

அந்த எட்டடி என்பது அவர் மனைவி போட்ட எல்லை. அந்த அம்மாள் முன்னறையில் தையல் மிஷின் போட்டிருக்கிறார். ஒருநாள் கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பை எடுத்து அலமாரியில் நீட்டி, சாக்பீஸால் இரண்டு பக்கமும் கோடு போட்டார்.

"இந்தக் கோட்டுக்கும் அந்தக் கோட்டுக்கும் நடுவுல உங்க ராஜ்ஜியம். புதுசா ஒண்ணு உள்ள வந்தா, பழசு ஒண்ணு வெளிய போகணும்."

"ஒரு அரை இஞ்ச் முன்னப்பின்ன..."

"சட்டையில அரை இஞ்ச் குறைஞ்சா பட்டன் போடுவீங்களா?"

நாலு வருஷமாக அலமாரி நிரம்பி வழிகிறது. எதை வெளியே அனுப்புவது என்று யோசித்தாலே பூட்டுக்காரருக்குக் கண் கலங்கும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, பழைய புத்தகக் கடையின் ஷட்டர் பூட்டு மக்கர் செய்கிறது என்று ஆள் வந்தது. பூட்டைப் பார்க்கத்தான் போனார். கடைக்காரருக்கு 'மோப்பம்' என்று பெயர். தோலை முகர்ந்தே ஆடா கன்றா என்று சொல்லிவிடுவார் என்பதால் வந்த பெயர். ஷட்டர் திறந்ததும் மோப்பம் ஒரு துணிப்பொட்டலத்தைப் பிரித்தார்.

"இதைக் கொஞ்சம் பாருங்க."

"வேண்டாம். முடிவெடுத்துட்டேன்."

"வாங்க வேண்டாம். பாருங்கன்னுதான் சொன்னேன்."

பச்சைத் தோல். மழை நின்ற மறுநாள் இலை மாதிரி ஒரு பச்சை. மோப்பம் அதை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடினார்.

"ஆடு. அதுவும் மலையாடு. வயித்துக்குக் குறைவில்லாம மேஞ்ச ஆடு. தோல் கிடக்கட்டும், பக்க ஓரத்தைப் பாருங்க."

பூட்டுக்காரர் பார்த்தார். தாள்கள் இரண்டிரண்டாக ஓரத்தில் ஒட்டியபடியே இருந்தன. அந்தக் காலத்தில் பெரிய தாளில் அச்சடித்து, மடித்து, அப்படியே தைத்துவிடுவார்கள். படிப்பவன்தான் கத்தி வைத்து ஒவ்வொரு மடிப்பாக வெட்டிப் பிரித்துக்கொள்ள வேண்டும். இதை வாங்கிய முதல் ஆள் உயர்ந்த தோலில் பைண்டிங் போட்டிருக்கிறான், தாள்களின் மேல் விளிம்பில் தங்கம் பூசியிருக்கிறான், படிக்க மட்டும் மறந்துவிட்டான்.

"நூறு வருஷமா இதுல ஒரு கண்ணு பட்டதில்ல" என்றார் மோப்பம். "அதுக்குத்தான் விலையே. ஒரு மடிப்பைப் பிரிச்சா பாதி மதிப்பு போச்சு. எல்லாத்தையும் பிரிச்சா, சும்மா புஸ்தகம்."

சும்மா புஸ்தகம். பூட்டுக்காரருக்கு உடம்பு சிலிர்த்தது. விலைக்குப் பதிலாக இந்த வருஷம் முழுக்கக் கடையின் எல்லாப் பூட்டுக்கும் தான் பொறுப்பு என்று பேசி முடித்து, புத்தகத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு நடந்தார். முதுகில் என்ன தலைப்பு என்றுகூடப் படிக்கவில்லை. எழுத்து எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்பதை மட்டும் விரலால் தடவிப் பார்த்தார்.

அலமாரியில் இடமில்லை. புத்தகமோ இரண்டரை இஞ்ச். வழியில்தான் அந்த யோசனை உதித்தது. இப்படியொரு மூளையைப் பூட்டுக்குள் விட்டு வீணாக்கினோமே என்று தன்னையே மெச்சிக்கொண்டார். வீட்டுப் பின்பக்கம் அவருடைய பட்டறை. பழுப்புக் காகிதத்தில் புத்தகத்தைச் சுற்றி, சணல் கட்டி, மேலே கொட்டை எழுத்தில் 'பூட்டு விலைப்பட்டியல் — பழையது' என்று எழுதி, ஆணி டப்பாக்களுக்கு நடுவில் வைத்தார். விலைப்பட்டியல் என்பது தொழில். தொழிலுக்கு எந்த அம்மாளும் சாக்பீஸ் கோடு போட முடியாது.

மூன்று நாள் சுகமாகப் போயிற்று. தினமும் சாயங்காலம் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, காகிதத்தைப் பிரித்து, பச்சையைத் தடவி, முகர்ந்து, மறுபடி கட்டி வைப்பார்.

நாலாம் நாள் வேலை முடிந்து வந்தால், முன்னறை மேசையில் ஆறு கெஜம் துணி விரிந்து கிடக்கிறது. துணி நழுவாமல் இருக்க மூலையில் பாரம் வைத்திருக்கிறது. பாரம், விலைப்பட்டியல்.

பூட்டுக்காரர் கருவிப்பையை வாசலிலேயே போட்டுவிட்டு மேசைக்கு ஓடினார்.

"இது... இது எப்படி இங்க?"

"பட்டறையில சும்மா கிடந்துச்சு. கனமா, தட்டையா, எனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு. பழையதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே."

"எனக்கு வேணும். ஒரு விலை பாக்கணும்."

"எந்தப் பூட்டு? சொல்லுங்க, நான் பாத்துச் சொல்றேன்." அம்மாளின் கை சணலுக்குப் போயிற்று.

"வேண்டாம் வேண்டாம். ஞாபகம் வந்துடுச்சு."

"அவ்வளவு சீக்கிரமாவா?"

"தொழில்காரன் இல்லையா."

அன்றே கடைத்தெருவுக்கு ஓடி, நல்ல இரும்புக் கட்டி ஒன்றை வாங்கி, விளிம்பு துணியைக் கிழிக்காதபடி அரம் போட்டு வழவழப்பாக்கிக் கொண்டுவந்து நீட்டினார். அம்மாள் வாங்கிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஒரு மூலைக்கு ஆச்சு. மிச்சம் மூணு மூலை இருக்கே."

இன்னும் மூன்று கட்டி வந்தது. மூலை பிரச்சினை தீர்ந்தது. மறுநாள் பார்த்தால், விலைப்பட்டியல் மேசைக்கால் கீழே இருந்தது.

"மேசை ஆடுதுங்க. ரெண்டு வருஷமாச் சொல்லிட்டிருக்கேன். இதை முட்டுக் குடுத்தேன், மலை மாதிரி நிக்குது."

ஒரு மேசை, அதன்மேல் நாலு இரும்புக் கட்டி, அதன்மேல் துணிப் பொதி. எல்லாம் சேர்ந்து நூறு வருஷத்துக் கன்னித்தாள்மேல். பூட்டுக்காரர் அந்த ராத்திரி சாப்பிடவில்லை. விடிந்ததும் மேசையைக் கவிழ்த்து, நாலு காலையும் இழைத்து, புது ரப்பர் குமிழ் போட்டுவிட்டார். இரண்டு வருஷ வேலை ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது.

"அடடா" என்றார் அம்மாள். "நீங்க மனசு வச்சா என்னதான் முடியாது." சொல்லிக்கொண்டே காலடியிலிருந்த விலைப்பட்டியலை எடுத்துத் தூசி தட்டி, இஸ்திரி போடும் பலகைமேல் வைத்தார். அதன்மேல் கொதிக்கிற இஸ்திரிப்பெட்டியை நிறுத்தினார். காகிதம் லேசாகக் கருகும் வாசனை வந்தது.

"ஐயோ, தோல் சுருங்கிடும்."

"விலைப்பட்டியலுக்கு ஏதுங்க தோல்?"

"என் கைத்தோலைச் சொன்னேன்மா. பக்கத்துல நின்னா சுடுது."

"அப்ப தள்ளி நில்லுங்க."

மத்தியானத்துக்குள் இஸ்திரிப்பெட்டிக்குத் தகரத்தில் ஒரு தாங்கி தயாரானது. அதோடு முடிந்ததா? பின்கதவு காற்றில் அடித்துக்கொள்கிறது என்று அதற்கு விலைப்பட்டியல் முட்டாகப் போயிற்று. ஊர்க் கதவையெல்லாம் சரிசெய்கிறவர் வீட்டுக் கதவுக்கு ஏழு வருஷமாகத் தாழ்ப்பாள் கிடையாது. அன்றைக்குப் போட்டார். இரண்டு போட்டார். பிறகு தண்ணீர்ப் பானைக்கு அடியில், பிறகு சன்னல் இடுக்கில் என்று விலைப்பட்டியல் வீடெல்லாம் சுற்றுப்பயணம் போயிற்று. அது போன இடத்துக்கெல்லாம் பின்னாலேயே பூட்டுக்காரர் சுத்தியலும் கையுமாகப் போனார். அதே மாதிரி இன்னொரு பொட்டலத்தைச் செங்கல் வைத்துக் கட்டி மாற்றிவிடலாம் என்று ஒருமுறை பார்த்தார். ஆனால் அம்மாள் எழுந்தால் விலைப்பட்டியலும் கூடவே எழுந்தது, உட்கார்ந்தால் அதுவும் உட்கார்ந்தது.

மூன்றாவது வாரம் முடிவில் வீட்டில் ஆடுகிற பொருள் ஒன்றுகூட இல்லை, பூட்டுக்காரரின் கைகால் தவிர. அப்போதுதான் அம்மாள் பொட்டலத்தைக் கொண்டுவந்து பட்டறையில் வைத்தார்.

"இந்தாங்க உங்க விலைப்பட்டியல். இனிமே எனக்குத் தேவைப்படாது."

அம்மாள் போகும்வரை காத்திருந்து, ஓடிப்போய்க் கையைக் கழுவி, பூட்டுக்காரர் சணலை அவிழ்த்தார். காகிதம் மடிப்பு மடிப்பாக, தையல்காரி மடித்தது மாதிரி ஒழுங்காகப் பிரிந்தது. உள்ளே இருந்தது பலா மரப்பலகை. இரண்டரை இஞ்ச் கனம். நாலு பக்கமும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தது.

முன்னறைக்கு வந்தார். மிஷின் ஓடவில்லை. அம்மாள் சன்னலோரம் நாற்காலியில் சாய்ந்து, பச்சைப் புத்தகத்தை இரண்டு பக்கமும் மல்லாத்தி மடியில் வைத்திருந்தார்.

"நீ... எப்பலேருந்து..."

"முதல் நாளே. விலைப்பட்டியலைத் தொட எவனாவது சோப்புப் போட்டுக் கை கழுவுவானா? நீங்க சாப்பிடறதுக்கே கழுவறதில்ல."

"பக்கம் ஒட்டியிருந்துச்சே?"

"ஆமா, படிக்கவே முடியல. பிரிச்சுட்டேன்."

"எத்தனை?"

"எல்லாம்தான். முன்னூத்தி நாலு பக்கம். பயப்படாதீங்க, துணி வெட்டற கத்தரி இல்ல, நூல் வெட்டற குட்டிக் கத்தரி. ஓரத்துல ஒரு பிசிறு இருக்கா பாருங்க."

பார்த்தார். ஒரு பிசிறு இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். உலகத்தில் எத்தனையோ புத்தகம் இருக்க, இனி இதுவும் ஒன்று.

"எதுக்கும்மா பிரிச்சே?"

"படிக்கத்தான். வேற என்னங்க பண்ணுவாங்க புஸ்தகத்தை? அது கிடக்கட்டும், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். ஒரு ரூம். உள்பக்கம் பூட்டியிருக்கு. சாவி செத்தவளோட கையில. சன்னலுக்குக் கம்பி. கதவை உடைச்சுப் போனா அவ முதுகுல கத்தி. கொன்னவன் எப்படிங்க வெளிய போயிருப்பான்?"

பூட்டுக்காரர் அழுவதா கோபிப்பதா என்று யோசித்துக்கொண்டிருந்தவர், அதை நிறுத்தினார்.

"என்ன பூட்டு?"

"சதுரப் பூட்டு. ரெண்டு சுத்து சுத்தணுமாம்."

"வெளியேருந்து கம்பி விட்டுத் திருப்பலாம். ஆனா சாவி உள்ள மாட்டியிருந்தா..."

"கையிலன்னு சொன்னேனே."

"அப்ப முடியாது."

"முடிஞ்சிருக்கே. நீங்களே படிச்சுப் பாருங்க."

அறுபது வயதுக்கு அப்புறம் பூட்டுக்காரர் முதல்முதலாக ஒரு புத்தகத்தை விரித்தார். முதுகு மடக்கென்று சத்தம் போட்டது. காதில் விழவில்லை. டீ ஆறிப்போயிற்று, விளக்கு ஏற்றினார்கள், யாரோ பூட்டு ரிப்பேருக்கு வந்து போனார்கள். பியானோ வாத்தியார்தான் என்று நூறாம் பக்கத்தில் அடித்துச் சொன்னார். இருநூறில் வைத்தியர் என்று மாற்றிக்கொண்டார். இருநூற்று எண்பத்தெட்டில் துப்பறிபவன் எல்லாரையும் கூடத்தில் உட்காரவைத்து, "அந்தப் பூட்டின் ரகசியம் இதுதான்" என்று வாயைத் திறந்தான். அடுத்த தாளைப் புரட்டினால், மறுபடியும் ஒன்றாம் பக்கம். அந்தப் பெண் உயிரோடு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது?"

"கடைசிப் பதினாறு பக்கக் கட்டுக்குப் பதிலா முதல் கட்டையே திரும்ப வச்சுத் தச்சிருக்கான் உங்க பைண்டிங்காரன். நூறு வருஷமா யாரும் பிரிக்கல, தெரியல. ரெண்டு பக்கமும் இடது கையையே வச்சுத் தச்ச சட்டை மாதிரி. இப்படியொரு தையலை நான் தச்சிருந்தா மூஞ்சியில வீசிட்டுப் போவாங்க."

"கொன்னது யாரு?"

"எனக்கு மட்டும் அந்தப் பக்கம் தனியாவா இருக்கு? காலைல கடையில போய்க் கேட்டுப் பாருங்க."

காலையில் ஷட்டர் ஏறும்போதே பூட்டுக்காரர் வாசலில் நின்றார். கண் இரண்டும் சிவந்திருந்தது.

"வாங்க வாங்க" என்றார் மோப்பம். "சிவப்புக் கன்னுத்தோல் ஒண்ணு வந்திருக்கு. மூணு விளிம்பும் தங்கம். முகர்ந்து பாருங்க."

பூட்டுக்காரர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"அந்தப் பச்சைப் புஸ்தகம் குடுத்தீங்களே. அதுல வேற பிரதி இருக்கா?"

"அந்த மாதிரி பைண்டிங்கிலயா?"

"பைண்டிங் வேண்டாம். அட்டையே வேண்டாம். கிழிஞ்சு கந்தலா இருந்தாலும் சரி. கடைசிப் பதினாறு பக்கம் இருந்தா போதும்."

மோப்பம் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"அட்டை போனது ஒண்ணு இருந்துச்சு. முந்தாநாள்தான் உங்க வீட்டம்மா வாங்கிட்டுப் போனாங்க. நீங்க வந்து கேட்டா ஒரு தகவல் சொல்லச் சொன்னாங்க: மொட்டைமாடித் தொட்டியை இன்னைக்கே கழுவி விட்டுட்டா, சாப்பிடும்போது கொலைகாரன் யாருன்னு சொல்வாங்களாம்."