அப்பீல் அழகேசன்

நந்தினியின் பெயர் பள்ளிக்கூடத்துப் பட்டியலில் இல்லை. பாலக்கரை முனையில் மட்டும் ஆள் உயரத்துக்கு மேலே இருந்தது.

அழகேசன் பட்டியலை மேலிருந்து கீழே ஒரு முறை படித்தார். கீழிருந்து மேலே ஒரு முறை படித்தார். நந்தகுமார் இருந்தான், நர்மதா இருந்தாள், நடுவில் வரவேண்டிய தன் மகளை மட்டும் காணோம்.

விஷயம் இதுதான். ஆறாம் வகுப்புக்குப் போகிற பிள்ளைகளில் கெட்டிக்காரர்களைப் பொறுக்கியெடுத்து 'ஸ்டார் பேட்ச்' என்று தனி வகுப்பு நடத்துகிறது அந்தப் பள்ளிக்கூடம். அதற்கு ஒரு பரீட்சை. பரீட்சை முடிந்த அன்று அரியலூரிலிருந்து மச்சான் சின்னதுரை போன் பண்ணி, "மருமவ எப்புடி எழுதியிருக்கா மாப்ள?" என்று கேட்டான். "கெடச்ச மாதிரிதான் மச்சான்" என்று அழகேசன் ஒரு பேச்சுக்குச் சொல்லிவைத்தார்.

சின்னதுரை அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி நாலைந்து ஓட்டுகிறவன். எதிலும் அவசரம். தங்கச்சி மகளுக்கு ஒரு நல்லது என்றால் தாய்மாமன் பிளெக்ஸ் வைக்காமல் இருக்கலாமா? பட்டியல் வருவதற்கு முன்னாலேயே ஆள் அனுப்பி, பெரம்பலூர் பாலக்கரை முனையில் ஒன்றைக் கட்டவைத்துவிட்டான்.

பிளெக்ஸில் சின்னதுரை கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு, போனைக் காதில் வைத்து யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான். மூலையில் தபால்தலை அளவுக்கு நந்தினி. 'ஸ்டார் பேட்ச்சில் இடம்பிடித்த எங்கள் குலவிளக்கே' என்று தங்க நிறத்தில் எழுத்து.

அதைக்கூடப் போகட்டும் என்று விட்டுவிடலாம். நேற்றுச் சாயங்காலம் நந்தினி அதைப் பார்த்துவிட்டாள் என்பதுதான் அழகேசனைப் போட்டு அழுத்தியது. ஸ்கூட்டரிலிருந்து இறங்கி நின்று, "அப்பா, நான் பாஸாயிட்டனா?" என்று கேட்டாள் அவள். அந்த முகத்தைப் பார்த்து இன்னும் தெரியாது என்று சொல்ல எந்த அப்பனுக்கு வாய் வரும்? "பின்ன, ஆவாம?" என்று சொல்லிவிட்டார். அந்தப் பிள்ளை தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்து, சாப்பிடும்போதும் தனக்குத்தானே சிரித்துக்கொண்டே சாப்பிட்டது. பள்ளிக்கூடம் திறந்ததும் அதைக் கூப்பிட்டு, நீ ஸ்டார் பேட்ச் இல்லை, சாதா வகுப்பில் போய் உட்கார் என்று சொன்னால் என்ன ஆகும்?

விதைக்கடையைத் திறக்காமல் நேரே வீட்டுக்கு வந்து, மனைவி மணிமொழியை அடுப்படிக்குள் தள்ளிக்கொண்டுபோய் விஷயத்தைச் சொன்னார்.

"மொதல்ல அந்த பிளெக்ஸ எறக்கச் சொல்லுங்க" என்றாள் மணிமொழி.

"உங்கண்ணன்தானே, நீ சொல்லேன்."

"இப்ப மட்டும் எங்கண்ணனா? கெடச்ச மாதிரின்னு வாய வுட்டது யாரு?"

அழகேசன் போனை எடுத்தார். உண்மையைச் சொல்ல முடியாது. சொன்னால் சின்னதுரை அரியலூரிலிருந்தே அழுவான், அது தெருவுக்கே கேட்கும்.

"மச்சான், இங்க வெயிலு ஜாஸ்தியா இருக்கு. பிளெக்ஸு வெளுத்துடும்போல. எறக்கி வெச்சிடலாமா?"

"வெளுக்குதா? கவலய வுடுங்க மாப்ள. புதுசா ஒண்ணு பெருசா அடிச்சிடறேன். அரியலூர் ரயில்வே ஸ்டேஷன் வாசல்லயும் ஒண்ணு போட்டுடறேன். மெட்ராஸ் போறவனும் பாத்துட்டுப் போகட்டும்."

சொன்னபடி மறுநாளே புதுசு வந்துவிட்டது. இந்த முறை பள்ளிக்கூடத்து முதல்வர் பிரவீணா மேடத்தின் படமும் சேர்ந்திருந்தது. ஆண்டு விழா வீடியோவிலிருந்து எடுத்திருப்பான்போல, மேடம் பாதிக் கண்ணை மூடியிருந்தார். கீழே, 'எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இடம் தந்த அம்மாவுக்குக் கோடானுகோடி நன்றி'.

இனிமேல் பிளெக்ஸை இறக்கிப் பிரயோசனமில்லை, பிளெக்ஸில் இருப்பதை நிஜமாக்கிவிடுவதுதான் வழி என்று அழகேசன் முடிவுக்கு வந்தார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார்.

பிரவீணா மேடம் காலையில் வரும் வழியில் தன் படத்தைத் தானே பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"யாரு சார் அது, என் போட்டோவ நடுரோட்டுல கட்டுனது?"

"எங்க மச்சான் மேடம். பாசக்காரன். நான் வந்த விஷயம் வேற. பாப்பாவுக்கு ஒரு அப்பீல் பண்ணிக்கலாம்னு."

"எங்க ஸ்கூல்ல அப்பீல்னு ஒண்ணே கெடையாது சார்."

"இல்லாட்டி என்ன மேடம், இன்னைக்கி ஆரம்பிச்சிடுங்க."

வெயில் நேரத்தில் இந்த ஆளைச் சீக்கிரம் அனுப்பினால் போதும் என்று மேடம் நினைத்திருக்க வேண்டும்.

"சரி, சொல்லுங்க. நந்தினிகிட்ட தனியா என்ன திறமை இருக்கு?"

அழகேசன் விழித்தார். எந்த விதை எந்தப் பட்டத்துக்கு ஆகும் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வார். பெற்ற மகளின் திறமையை யாரும் அவரிடம் இதுவரை கேட்டதில்லை. நன்றாகத்தான் படிக்கிறாள். நன்றாகத்தான் சாப்பிடுகிறாள். ரொம்பவும் யோசித்து, மனதில் பட்டதைச் சொன்னார்.

"நான் என்ன சொன்னாலும் நம்பிடுவா மேடம்."

"அது திறமையா சார்?" என்றார் மேடம். ஆனாலும் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "வெள்ளிக்கெழம வாங்க. யோசிச்சி சொல்றேன்."

பாதிக் கிணறு தாண்டிய தெம்பில் அழகேசன் கடைக்கு வந்தார். அங்கே ரஞ்சன்குடியிலிருந்து செல்லக்கண்ணு வந்து உட்கார்ந்திருந்தார். மக்காச்சோள விதைக்கு வருஷா வருஷம் வரும் வாடிக்கை. அவர் பையனும் நந்தினி வகுப்புதான், அவனுக்கும் ஸ்டார் பேட்ச் கிடைக்கவில்லை.

"ஏங்க, லிஸ்ட்ட நானும் பாத்தேன். அதுல உங்க பாப்பா பேரு இல்ல. பிளெக்ஸ்ல இருக்கு. எப்புடிங்க?"

அழகேசன் சொன்னார், "லிஸ்ட்டுக்கு அப்பறம் அப்பீல் பண்ணி வாங்குனேன்."

"சிபாரிசு புடிக்கணுங்களா?"

"ஒண்ணும் வேணாம். புள்ள திறமைய எடுத்துச் சொல்லணும். முடியாதுன்னு சொன்னா எந்திரிக்கக் கூடாது, அவ்ளோதான். வெள்ளிக்கெழம கூப்புட்டுப் பாக்குறாங்க. யார்ட்டயும் சொல்லிடாதீங்க."

செல்லக்கண்ணு சத்தியமாக யாரிடமும் சொல்லவில்லை. வகுப்புப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டதோடு சரி.

வெள்ளிக்கிழமை காலையில் அழகேசன் போய்ச் சேர்ந்தபோது பள்ளிக்கூடத்து மைதானம் தேர்த்திருவிழா மாதிரி இருந்தது. ஒரு பையன் சிலம்பம் சுற்றிக்கொண்டிருந்தான். ஒரு பெண் குழந்தை மூச்சுவிடாமல் திருக்குறள் ஒப்பித்தது. ஒரு அம்மா கீபோர்டை ஸ்டாண்டோடு தூக்கி வந்து, பிளக் பாயிண்ட் எங்கே என்று வாட்ச்மேனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். செல்லக்கண்ணுவின் மகன் தலைகீழாக நின்றிருந்தான். ரொம்ப நேரமாக நிற்கிறான் என்பது அவன் முகத்தில் தெரிந்தது.

அழகேசன் சத்தமில்லாமல் போய் வரிசையின் கடைசியில் நின்றார். செல்லக்கண்ணு பார்த்துவிட்டார்.

"அட, நீங்க ஏன் நிக்கிறீங்க? உங்களுக்குத்தான் கெடச்சிருச்சே."

"மேடத்துக்கு ஒரு நன்றி சொல்லிட்டுப் போலாம்னு..."

"பாத்தீங்களாய்யா, மனுசன்னா இப்புடி இருக்கணும்" என்று செல்லக்கண்ணு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "நீங்க அனுபவப்பட்டவரு. வாங்க, எங்க எல்லாருக்காகவும் நீங்களே முன்னால நின்னு பேசுங்க."

மறுக்க மறுக்க, பின்னாலிருந்து தள்ளி முதல்வர் அறைக்குள் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். வாசல் நிறைய பெற்றோர். இத்தனை பேர் காதுக்கு முன்னால் என் மகளுக்குக் கொடுங்கள் என்று எப்படிக் கேட்பது? அழகேசன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மேடம், இந்தப் புள்ளைங்க எல்லாருக்கும் ஸ்டார் பேட்ச்ல எடம் குடுத்துடுங்க."

"சார், உங்க பொண்ணுக்கே இன்னும்..."

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்க மேடம்" என்று மேசைமேல் சாய்ந்து கெஞ்சினார் அழகேசன். "எல்லாருக்கும் குடுத்தா அதுல நம்ம புள்ளையும் வந்துடும்."

அந்த நேரம் பார்த்தா வாசலில் மேளச் சத்தம் கேட்க வேண்டும்? சின்னதுரை வந்துவிட்டான். ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்கள், பழத்தட்டு, பொன்னாடை, வீடியோ எடுக்க ஒரு ஆள். கூட்டம் தானாக வழிவிட்டது. மேடம் எழுந்து நிற்பதற்குள் தோளில் பொன்னாடை விழுந்தது.

"எங்க மருமவளுக்கு எடம் குடுத்த தெய்வம் நீங்க" என்றான் சின்னதுரை, கேமராவைப் பார்த்தபடி.

"அப்ப எங்க புள்ளைங்களுக்கு?" என்று வாசலில் ஒரு குரல். அதற்குப் பின்னால் பல குரல்கள்.

இடம் கொடுக்கவே இல்லை என்று மேடம் சொல்லியிருக்கலாம். பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு, பழத்தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வீடியோவும் ஓடும்போது அதை எப்படிச் சொல்வது? அழகேசன் கண்ணாலேயே கும்பிட்டுக்கொண்டிருந்தார். மேடம் போனை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய், பள்ளிக்கூடத்தை நடத்துகிற கரஸ்பாண்டன்ட்டோடு பேசினார். திரும்பி வந்தபோது முகத்தில் ஒரு அமைதி இருந்தது.

"அப்பீல் பண்ணுன எல்லாருக்கும் ஸ்டார் பேட்ச். தயவுசெஞ்சி எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

சிலம்பத்துக்காரப் பையன் சந்தோஷத்தில் ஒரு சுற்றுச் சுற்றியதில் வராந்தா டியூப்லைட் போனது. யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. அழகேசனை ஆளாளுக்குக் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்து நந்தினியை மடியில் உட்காரவைத்துக்கொண்டு, காரணம் சொல்லாமல் கொஞ்ச நேரம் அழுதார். மணிமொழி காபி கொண்டுவந்து வைத்தாள்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று மகளை அவரே கூட்டிப்போனார். ஸ்டார் பேட்ச் சாப்பாட்டு ஹாலில் நடந்தது. இத்தனை பிள்ளைகளை வேறெந்த அறையும் தாங்காது. பெஞ்சுக்கு ஆறு பேர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமே என்று புது டீச்சர் ஒருவர் மைக்கைப் பிடித்து வருகை எடுத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, போர்டே தெரியல" என்றாள் நந்தினி.

"ஸ்டார் பேட்ச்னா அப்புடித்தான்மா இருக்கும். கூட்டம் வரும்."

என்ன சொன்னாலும் நம்புகிற பெண் அதையும் நம்பி, இரண்டு பேருக்கு நடுவே புகுந்து உட்கார்ந்தாள். அழகேசனுக்கு மனசு நிறைந்துவிட்டது. ஜெயித்துவிட்டார். பொய் சொன்ன அப்பன் என்ற பேர் இல்லாமல் தப்பித்துவிட்டார்.

வெளியே வரும்போது எதிர்ப்பக்கம் ஒரு வகுப்பு கண்ணில் பட்டது. பெரிய அறை, நல்ல காற்று, முன்னால் ஒரே ஒரு வரிசையில் சில பிள்ளைகள். ஒரு ஆசிரியர் அவர்கள் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். வராந்தாவில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஆயாம்மா பாப்பாயியிடம், அது எந்த வகுப்பு என்று கேட்டார்.

"அப்பீல் பண்ணாதவங்க வூட்டுப் புள்ளைங்க சார்."

"பாவம்" என்றார் அழகேசன், நிஜமான இரக்கத்தோடு. "அதுங்களுக்காக ஓடியாட யாரும் இல்லபோல."

பாப்பாயி குழாயை மூடிவிட்டு நிமிர்ந்தாள்.

"என்னா சார் பாவம், கரஸ்பாண்டன்ட் ஐயா அவரு பேத்தியையும் நல்ல வாத்தியாருங்க அத்தன பேரையும் உங்க ஸ்டார் பேட்ச்லேருந்து எடுத்து நேத்துதான் அங்க கொண்டுபோய்ச் சேத்தாரு."